சாமியம்மாவிடம் நான் கேட்ட கேள்வி

பழைய யூத ஆசாரியர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமார் மணம் முடிப்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நான் பேட்டி கண்ட இளம் குரு ஒருவர், குருத்துவத்தை விட்டு மணம் முடிக்க அனுமதி கேட்டிருப்பதாகச் சொன்னார்.

அவருடைய அம்மா குருவிட்டை என்ற ஊருக்கு அருகே, ஒரு றப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தார். மகன் குருவான நாளிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவர் ‘சாமியம்மா’. அவர் கருத்தையும் கேட்க நான் போனதும் பக்கத்து வீட்டுப் பெண், “சாமியம்மா, பேப்பர்காரரு வந்திருக்காரு, நல்ல சேலையா கட்டிக்கிட்டு வாங்க!” என்று கத்தினாள்.

தேநீர் வந்தது. “மகன் கல்யாணம் கட்டப் போறதுல உங்களுக்கு வருத்தமாங்க?” என்று கேட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மகன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்று மகனிடம் நான் கேட்டிருக்கவும் இல்லை.

றப்பர் மரத்தில் பால்வெட்டிக் கறுத்த விரல்களை அவர் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்க சொன்னது எம்புள்ளைக்குத் தெரிய வேணாம். பயந்து பயந்து சொல்ல வருவான். அவனே சொல்லட்டும். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அடுத்த வாரம் குரு தொலைபேசியில் பேசினார்.

“அம்மாகிட்ட சொல்லிட்டேங்க. அப்படியே உக்காந்துட்டாங்க. ரொம்ப அழுதாங்க. அப்புறம், பொண்ணு யாருன்னு கேட்டாங்க. நல்லவேளை, வேற யாரும் முந்திச் சொல்லல.”

“ஆமாம்” என்றேன். கட்டுரையில் சாமியம்மாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

அந்த அழுகையில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. கேள்வி கேட்பது என் தொழில். இதை மட்டும் நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.