பெட்டியைச் சுற்றிய வாழ்த்துக் காகிதம்

சபாயே ஊர் இனிப்புக் கடையில் ஷிகேகோ எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. மூக்குக்கண்ணாடி பிரேமுக்கு மெருகு போடும் பட்டறையிலிருந்து பாதி வேலையில் அவள் ஓடிவந்தால், மகள் மினோரி யாரையோ ஏதோ செய்துவிட்டாள் என்று அர்த்தம். மன்னிப்பு கேட்க வெறுங்கையோடு போக முடியுமா? ஆறு வருஷமாக எத்தனை வாசலில்தான் குனிவாள் ஒரு மனுஷி!

இந்த முறை மினோரி வகுப்புத்தோழியைப் படியில் தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டது. அவளுடைய அப்பா போலீஸுக்குப் போவேன் என்கிறார். போனால், பதினாலு வயசில் மினோரி நீதிமன்றப் படியேற வேண்டும்.

போன மாதம்தான், இப்படி அடங்காத பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக மினோரியை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, ஜெயித்தால் பரிசு, தோற்றால் அபராதம் என்று விளையாட்டு காட்டி அவள் மூளையைப் படம் எடுத்தார்கள். அன்றைக்கே ஷிகேகோ டாக்டரிடம் போய் நின்றாள்.

"அந்தப் படத்தக் குடுங்க டாக்டர். ஸ்கூல்ல காட்டணும். வளர்ப்பு சரியில்லைன்னு என்னையே சொல்றாங்க."

"ஒரு பிள்ளையோட படத்த வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. நூறு பேர சேத்துப் பாத்தாதான் ஏதாவது தெரியும்."

"அப்ப எம்பொண்ண நான் என்னதான் பண்றது?"

"இந்த மாதிரி பிள்ளைங்க நிறைய பேருக்குத் தண்டனை அவ்வளவா உறைக்கிறதில்ல. நல்லது ஒண்ணு செஞ்சா அந்த நிமிஷமே பாராட்டுங்க. தள்ளிப் போடாதீங்க."

ஷிகேகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லது செய்தால்தானே பாராட்டுவதற்கு! ஒரு மாதமாகக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு, கை முறிந்த பெண்ணின் வீட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்திவிட்டு, பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். மினோரி சட்டென்று அதைப் பிடுங்கி, மேலே சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்தாள்.

"அடிப்பாவி! இங்கயுமா?" கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"நீதான் பாக்கல." மினோரி காகிதத்தைக் காட்டினாள். சிவப்பும் வெள்ளையுமாக முடிச்சு அச்சிட்ட காகிதம். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சுற்றுவது. கடையில் இன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் விவரம் தெரியாமல் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவசரத்தில் ஷிகேகோ பார்க்கவே இல்லை. "கைய உடைச்சதுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தமா? அந்த ஆளு நேரா போலீஸுக்குப் போயிருப்பாரு."

ஷிகேகோ வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. உடம்பு பழக்கதோஷத்தில் தானாகவே குனிந்தது. பக்கத்தில் மினோரியும் ஒரு கையால் பெட்டியை நீட்டி, காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கசக்கிப் பிடித்தபடி குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க. எங்கமேலதான் தப்பு. மன்னிச்சிடுங்க," என்றாள் ஷிகேகோ.

அந்த மனிதர் காகிதம் சுற்றாத பெட்டியை ஒரு முறை பார்த்தார், பிறகு வாங்கிக்கொண்டார். "சரி, உள்ள வந்து பேசுங்க."

மினோரி செருப்பைக் கழற்றி, முறைப்படி வாசலைப் பார்க்க ஒழுங்காகத் திருப்பி வைத்தாள். கன்னம் சிவந்திருந்தது. உள்ளே ஷிகேகோ அந்த அப்பாவிடம் மூன்று முறை, அம்மாவிடம் இரண்டு முறை, கட்டுப் போட்ட கையோடு வந்த பெண்ணிடம் ஒரு முறை மன்னிப்பு கேட்டாள். மகளிடம் கேட்க மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.