முட்டைக்காட்டுப் பந்தயம்

பஸ்ஸில் கண்டக்டர், "முட்டைக்காடு இறங்கு" என்று சொல்லும்போதெல்லாம், பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அங்கே கோழிப்பண்ணைகூட இல்லையே, எதற்கு அந்தப் பெயர் என்று போன வாரமும் கேட்டீர்கள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து ஓடிவிடுகிறீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

அந்தக் காடு நம்முடைய மானாவாரி நிலம்தான். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது மழை இல்லாமல், சோளம் விதைக்காமல் சும்மா கிடந்தது. என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை செய்தார். வாரம் முழுக்கச் சாயம், ஞாயிற்றுக்கிழமை மொபெட். வேகம் கூடும் என்று சைலன்சரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார். சத்தம்தான் கூடியது. அவரும் கூட்டாளிகளும் அப்பாவிடம் கேட்டு, எங்கள் காட்டில் பந்தயத் தடம் போட்டார்கள்.

வட்டமாகத்தான் போட நினைத்தார்கள். நடுவில் முளை அடித்து, கயிறு கட்டிச் சுற்றி வந்தால், கயிறு எங்கள் கிணற்றின் மேல் போயிற்று. கிணற்றை நகர்த்த முடியாது. அதனால் தடத்தை ஒரு பக்கம் அமுக்கி, மறுபக்கம் நீட்டினார்கள். முட்டை வடிவம் வந்துவிட்டது. உள் எல்லைக்கு, நூல் தீர்ந்த பிளாஸ்டிக் கோன்களை வரிசையாக நட்டார்கள். ஒரு ரவுண்டு முடிந்தால் ஒரு கோனை எடுத்துக் கிணற்றுச் சுவர்மேல் வைப்பது என் வேலை. முட்டைக்காடு பிறந்த கதை இவ்வளவுதான்.

முதல் பந்தயத்தன்று புழுதி எழுந்ததில் வண்டியும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. அம்மா அப்போது கம்பெனியிலிருந்து வெள்ளை பனியன் பீஸ்களை வீட்டுக்குக் கொண்டுவந்து பிசிர் வெட்டிக் கொடுப்பார். அன்று இரண்டு கட்டும் செம்மண் நிறமாகிவிட்டன. கம்பெனியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மண்ணுப் பறக்காம ஓட்டறதுன்னா ஓட்டு. இல்லீனா உன்ற வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றார் அம்மா.

"இனி ஒரு பொட்டு மண்ணுப் பறக்காதுங்கக்கா. பறந்தா என்ற மீசைய எடுத்துக்கறேன்."

"இருந்தாத்தானடா எடுக்கறதுக்கு?"

அடுத்த சனிக்கிழமை மாமா பட்டறையிலிருந்து ஒரு டேங்கர் லாரியைக் கூட்டிவந்தார். சாயம் போட்டு முடித்த கழிவுத் தண்ணீர். எங்காவது கொட்டியாக வேண்டிய தண்ணீர்தானே என்றார். அப்பா ஒன்று மட்டும் சொன்னார்: "கெணத்து வளைவுல ஒரு சொட்டும் உட வேண்டாம் மாப்ளே."

அந்த வளைவை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் ஊற்றினார்கள். மறுநாள் தடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. காய்ந்ததும் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. சாயத்தில் போடும் உப்பு அப்படி. அதன்பின் வாராவாரம் நிறம் மாறும். பட்டறையில் என்ன ஆர்டரோ அதுதான் தடத்தின் நிறம். நீல வாரம், பச்சை வாரம் என்று பேர் வைத்தோம். தாராபுரத்திலிருந்தும் கணியூரிலிருந்தும் வண்டிகள் வந்தன. அம்மாவின் பீஸ்கள் வெள்ளையாகவே இருந்தன.

கிணற்று வளைவில் மட்டும் மண் பொதுபொதுவென்று கிடந்தது. மாமா தொடர்ந்து மூன்று ஞாயிறும் அங்கேதான் சறுக்கி விழுந்தார். தாராபுரத்துக்காரர் ஒருவர் ஒவ்வொரு முறையும் அவரைத் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டு, "ஏனுங்க, கெணத்துல தண்ணி சேந்த எறங்குனீங்களாக்கு?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குத்தான் ஆத்திரமாக வரும்.

தீபாவளிக்கு முந்தைய பந்தயத்துக்குப் பிரஷர் குக்கர் பரிசு என்று முடிவானது. அது அக்காவுக்குத்தான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது; அதுவரை வேறு பந்தயம் வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் அப்பா சந்தைக்குப் போய்விடுவார். அந்தச் சனிக்கிழமை டேங்கர் வந்தபோது நான் மட்டும்தான் காட்டில் இருந்தேன். டிரைவர் தெக்கத்திக்காரர்.

"தம்பி, மிச்சத் தண்ணி கெடக்கு. எங்கன ஊத்தட்டும்?"

"இந்த வளைவுல உடுங்கண்ணா."

"இங்கன ஊத்தக்கூடாதுன்னுல்லா சொன்னாவ?"

"இப்ப உடச் சொல்லீட்டாங்க" என்றேன்.

ஊற்றிவிட்டுப் போனார். நிறம் தெரியாமலிருக்க நான் மேலே கூடை கூடையாகக் காய்ந்த மண்ணைத் தூவினேன். நான்கு சனிக்கிழமையும் அப்படியே செய்தேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

பந்தயத்தன்று மாமா அந்த வளைவில் சறுக்கவில்லை. கடைசி ரவுண்டில் அங்கேதான் தாராபுரத்துக்காரரைத் தாண்டினார். நான் கடைசிக் கோனைச் சுவர்மேல் வைத்தேன். அன்று குக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாமா மூன்று சுற்று சுற்றினார்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், குக்கரில் பருப்பு வேகாமல் போயிற்று. எத்தனை விசில் விட்டாலும் கல் மாதிரி இருக்கும். அம்மா குக்கரைக் கடைக்குத் தூக்கிப்போய் ரப்பரை மாற்றினார். அப்புறம் வெயிட்டை மாற்றினார். அப்போதும் வேகவில்லை.

"ஜெயிச்சுக் கொண்டாந்து குடுத்தா இதான் மரியாதைங்களாக்கா?" என்று மாமா கோபித்துக்கொண்டார்.

"நீ ஜெயிச்ச லட்சணந்தான் பருப்புல தெரியுதே."

எனக்கும் குக்கர்மேல்தான் சந்தேகம். மட்டமான குக்கரைப் பரிசாகக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்களுக்குக் குடிக்க ஊர்க் குழாய்த் தண்ணீர்; சமையலுக்கும் மாட்டுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். ஒருநாள் காலையில் எங்கள் மாடு தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்பா மாட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிணற்றில் ஒரு வாளி சேந்தி, ஒரு வாய் குடித்து, துப்பினார். வளைவுக்குப் போய்க் காலால் மண்ணைக் கீறினார். அடியில் நீலமும் பச்சையும் தெரிந்தன. என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இந்த வளைவுல தண்ணி உடச் சொன்னது ஆரு?"

"நாந்தானுங்கப்பா" என்றேன். அடி விழப்போகிறது என்று அவசரமாக, "அதனாலதான் மாமா ஜெயிச்சாங்க" என்றும் சொன்னேன்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். "செரி. அம்மாகிட்டச் சொல்லாத" என்று என் தலையில் கையை வைத்தார்.

சுற்று வட்டாரத்தில் அப்புறம் எத்தனையோ கிணறுகள் உப்பாகிவிட்டன. எல்லாவற்றுக்கும் நான் காரணமில்லை. எங்கள் கிணற்றுக்கு நான்தான். சித்திரையில் மாட்டை விற்றோம். அப்பா பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். பந்தயமும் நின்றது. இன்றைக்கும் மழை பெய்தால் அந்தக் காட்டின் நடுவில் புல் முளைக்கிறது, வெளியே முளைக்கிறது, தடத்தில் மட்டும் முளைப்பதில்லை. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது பாருங்கள், முட்டை அப்படியே தெரியும்.

அன்று அப்பா கையை எடுத்ததும் நான் மாமாவைத் தேடி ஓடினேன். வளைவில் தண்ணீர் விடச்சொன்னது நான்தான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, திட்டவே இல்லை, தலையைத் தடவிக் கொடுத்தார் என்று சொன்னேன். மாமா ஏன் அப்படியே மொபெட்டைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்தார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.