அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லப்படுகிறது

என் மனுசன் சசிகரனுக்குத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு அரசாங்கக் கந்தோரில் முன்னேற்ற அறிக்கை எழுதுகிற வேலை. எந்த வாய்க்கால் வெட்டி முடிந்தது, எந்தக் கட்டடத்துக்கு இன்னும் கூரை இல்லை என்று கோடு கீறிய தாளில் நிரப்புவார். முடியாத வேலைக்கு நேரே ‘அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லப்படுகிறது’ என்று எழுதிவிட்டால் போதும், ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அதையே எழுதியவர் வீட்டிலும் அப்படித்தான் ஆனார்.

டிசம்பர் கடைசியில் ஜமால்தீன் நானா தன் கடைப் பெயர் அச்சிட்ட டயறி ஒன்று தருவார். அன்று பின்னேரமே மனுசன் மேசையில் இருந்துவிடுவார். பிள்ளையார் சுழி, அதன் கீழே இலக்கு, முன்னேற்றம், காரணம் என்று மூன்று கட்டம். பிறகு பழைய டயறியைப் புரட்டிப் புரட்டித் தன்னைத்தானே ஏசி இரண்டு பக்கம் எழுதுவார். வாசித்தால் எனக்கே கண் கலங்கும், அப்படி உருகியிருப்பார். எழுதி முடித்ததும் முகம் தெளிந்து தேத்தண்ணி கேட்பார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலு வருடமாக முதல் வரி ஒன்றேதான். ‘அக்காவைக் கூட்டி வந்து கண்ணைக் காட்டுவது.’

அக்கா என்றால் பூரணி மச்சாள், ஈச்சிலம்பற்றில் தனியாக இருந்தவர். தாயில்லாத தம்பியைக் குளிக்க வார்த்து, சோறூட்டி வளர்த்தவர். கதவு நிலையில் தோள் இடிபடுகிறது, பக்கத்தில் வருகிற ஆள் தெரியவில்லை என்று போனில் சிரித்தபடிதான் முதலில் சொன்னார்.

காரணம் என்ற கட்டத்தில் முதல் வருடம் கொரோனா. அது உண்மை. அடுத்த வருடம் பெற்றோல் வரிசை, சரி, அதையும் விடுவோம். மூன்றாவது கணக்காய்வு, நாலாவது தேர்தல் வேலை. பஸ்ஸில் ஏறினால் அரை நாளில் கூட்டி வந்திருக்கலாம்.

அவரை மட்டும் சொல்லி என்ன? ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாள் போன் எடுத்து, சிவாஜினி, தம்பிக்கு லீவு கிடைக்குமோ என்று கூச்சத்தோடு கேட்பார். “எழுதி வைச்சிருக்கிறார் மச்சாள், இந்த வருசம் கட்டாயம்” என்று சொன்னது இந்த வாய்தான். நானே போய்க் கூட்டி வந்திருக்கலாம். அவருடைய அக்கா, அவரே போகட்டும், அப்போதாவது வெட்கம் வரட்டும் என்ற வீம்பு எனக்கு.

போன ஆவணியில் மச்சாள் கிணற்றடியில் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக் கீர்த்தனி போன் எடுத்தாள். அன்றைக்கே ஓடினோம். அன்றைக்கு லீவும் கிடைத்தது, பஸ்ஸும் கிடைத்தது.

கண்ணில் பிறஷர் கூடி நரம்பு செத்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரியில் கண் டொக்டர். ஒரு கண் முற்றாகப் போய்விட்டது, மற்றதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். முன்னமே வந்திருந்தால் சொட்டு மருந்தோடு நிறுத்தியிருக்கலாமாம். வெளியே மர வாங்கில் இருத்தியதும் மனுசன் அக்காவோடுதான் கோபப்பட்டார், வேறு யாரோடாவது வந்திருக்கக் கூடாதா என்று.

மச்சாள் அவருடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கீர்த்தனி ரெண்டு தரம் கூப்பிட்டவள் தம்பி. நீ எழுதி வைச்சிருக்கிறாய் எண்டு சிவாஜினி சொன்னவ. நான் அவளோட போனா உனக்கு மனவருத்தமா இருக்கும் எண்டுதான் போகேல்லை.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மச்சாள் எங்களோடுதான். சுவரைத் தடவி, நான் சமைக்கிற குசினி வரைக்கும் வருவார். இந்த முறையும் ஜமால்தீன் நானா டயறி கொடுத்தார். மனுசன் மேசையில் இருந்தார். தாள் சத்தம் கேட்டு மச்சாளும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“இந்த முறை எனக்கு என்ன தம்பி எழுதினனி?”

டயறிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருந்தது. கட்டம்கூடக் கீறவில்லை. மனுசன் தோளில் கிடந்த துவாயால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மச்சாள் முகத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார், எனக்குத் தாங்க முடியவில்லை.

“எழுதுறார் மச்சாள்” என்றேன்.

“ஓம், ஆறுதலா எழுதட்டும்” என்றார். நாலு வருடம் நம்பியது போலவே இதையும் நம்பினார்.