குளுவாங்குக்கு இரண்டு மைல் முன்னால்

மலாயாவில் ரப்பர் விலை விழுந்த காலம் அது. எங்கள் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது, காரோட்டியாக இருந்த எனக்குத் தன் பழைய காரை விட்டுப் போனார். அதைப் பாலோவில் வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தேன். அந்த ஊரில் கார் வைத்திருந்த ஒரே தமிழன் நான்தான். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்.

சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் கீறிப் பால் எடுத்துக்கொண்டிருந்த என் மாமனாரை ஆள்குறைப்பில் ஊருக்கு அனுப்பினார்கள். எங்களுக்குச் செய்தி வந்தபோது அவர் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருந்தார். மறுநாள் மாலை நாலு மணிக்கு நாகப்பட்டினக் கப்பல். அறுபதைத் தாண்டியவர், இனித் திரும்பி வரப்போவதில்லை. எங்கள் எட்டு மாதப் பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. தாயில்லாமல் வளர்ந்த என் மனைவிக்கு அவரை விட்டால் பிறந்த வீடென்று ஒன்று கிடையாது.

காலை ரயிலில் போய்விடலாம் என்றாள். வாசலில் காரை வைத்துக்கொண்டு ரயிலா என்று சிரித்தேன். ஆடி மாதம். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை, செம்மண் சாலை இறுகிக் கிடந்தது. மழைக்கு இன்னும் மாதக் கணக்கில் நாள் இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன்.

விடியும்போது கிளம்பினோம். அரை மணி போயிருப்போம், மேற்கே வானம் கறுத்தது. சுமத்ராவிலிருந்து திடீரென்று கிளம்பி வரும் சூறைக்காற்று. ரப்பர் மரக் கிளைகள் முறிந்து சாலையில் விழுந்தன. பின்னாலேயே பேய்மழை. ஒரு கிளையைத் தவிர்க்க வண்டியை ஒடித்தேன், சேற்றில் வழுக்கி ஓரத்து வாய்க்காலில் இரண்டு சக்கரம் இறங்கிவிட்டது. குளுவாங்குக்கு இரண்டு மைல்தான் பாக்கி.

மழை விட்டபோது மணி எட்டுகூட ஆகவில்லை. சிங்கப்பூர் ரயில் குளுவாங்கை விட்டுக் கிளம்ப ஒன்பதரை ஆகும். மனைவி குழந்தையைச் சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு சொன்னாள்:

“நீங்க காரப் பாத்துக்கிட்டு இருங்க. நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்து போயி ரயில் ஏறிக்கிறேன். அப்பா காத்துக்கிட்டு நிப்பாரு.”

கைக்குழந்தையோடு ஒரு பெண் தனியாக ரயிலில் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று எரிந்து விழுந்தேன். அது வெறும் சாக்கு. மாமனார் கண்முன்னால் காரில் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அவள் திரும்ப வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்கு மேல், சாலையை ஒட்டிப் போகும் தண்டவாளத்தில் ரயில் எங்களைக் கடந்து போனது. நான் முழங்கால் சேற்றில் நின்று சக்கரத்துக்கு அடியில் பலகை சொருகிக்கொண்டிருந்தேன். அவள் கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தாள்.

பக்கத்துக் கம்பத்துக் குடிசைகளிலிருந்து வந்த ஜாவாக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வண்டியை மேலே ஏற்றும்போது மணி இரண்டு ஆகிவிட்டது. அப்புறம் கண்மண் தெரியாமல் ஓட்டினேன். துறைமுகத்தில் போய் இறங்கியபோது மணி ஐந்தரை. கரையில் கப்பல் இல்லை.

மாமனாரின் தோட்டத்து ஆள் ஒருவர், அதே கப்பலில் போன தன் தம்பியை வழியனுப்ப வந்திருந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“ஒங்க மாமா ஏற மாட்டேன்னு நின்னுட்டாருங்க. எம் மருமகன் கார் வச்சிருக்காரு, எப்படியும் வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கடைசியில கையப் புடிச்சுத்தான் ஏத்துனாங்க.”

மனைவி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறு தை மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. மாமனார் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அழுது ஓய்ந்தபின் அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய், எல்லாம் என்னால்தான் என்றேன். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“ஒங்க மேல ஒன்னும் இல்ல. நான் ஒங்களக் கேட்டிருக்கக் கூடாது. கேக்காமலே எறங்கி நடந்திருக்கணும்.”