அந்தப் படத்தில் இருக்கும் மடி

காட்டுப்பாக்கத்தில் என் வீடு நிற்கிற மனையை நான் வாங்கியபோது அது வெறும் பள்ளம். மழை வந்தால் முட்டி வரைக்கும் தண்ணீர். "இதுல எரும கட்டலாம், ஊடு கட்ட முடியாது" என்று சிரித்தவர்கள் இன்று அதே தெருவில் என்னைப் பார்த்தால் வண்டியை மெதுவாக்கி வணக்கம் வைக்கிறார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்பியவன் நான். கடைக்கால் தோண்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பனுக்குக் கழனிக் கூலி. சித்தாளாகப் போய், கம்பி கட்டப் பழகி, அடுத்தவன் சென்ட்ரிங் பலகையைச் சுமந்து, பிறகு சொந்தப் பலகை, சொந்தத் தகடு, சொந்த ஆட்கள். பூந்தமல்லியிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் எத்தனை வீட்டுக்குத் தளம் போட்டேன் என்று எனக்கே தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப்பக்கம் லாரிகள் வரிசையாக நிற்கிற கிடங்குகளில் என் ஆட்கள் கால் படாதது குறைவு. ஒருமுறை தகடு நழுவி வலது கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. நகம் போனது போனதுதான், திரும்ப முளைக்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைய தளத்தை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வேன் வாங்கினேன். வேலை நாளில் பலகை ஏற்ற, லீவு நாளில் குடும்பத்தை ஏற்ற. எங்கள் தெருவில் திருப்பதியைத் தாண்டி யாரும் போனதில்லை. நான் என் வீட்டாரை ஊட்டிக்குக் கொண்டுபோனேன், மைசூருக்குக் கொண்டுபோனேன், ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோனேன். எல்லாம் நானே ஓட்டி. பின்னால் கேஸ் அடுப்பு, அரிசி, மிளகாய்த்தூள். புளியமர நிழல் கிடைத்த இடத்தில் நிறுத்திச் சோறு வடிப்போம். எங்கே நிறுத்துவது, எப்போது கிளம்புவது எல்லாம் நான் சொல்வதுதான். ஊட்டி மலையில் இறங்கும்போது பிரேக் சூடேறி நாற்றம் வர, என் மகள் அலறினாள். "கத்துனா பிரேக்கு புடிக்குமா? வாய மூடு" என்றேன். மூடினாள். பத்திரமாகக் கீழே இறங்கினோம். அதற்கு யாரும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஒன்றாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது. ஒருவர் இருக்க வேண்டும். சாமி விளக்கு ஏற்ற வேண்டும், மோட்டார் போட வேண்டும், வாசலில் கிடக்கும் கம்பியையும் சிமெண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடுபட்டுக் கட்டிய வீட்டை இருட்டில் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவன் மனுஷனே இல்லை. அந்த ஒருவர் என் மகன். படிப்பு ஏறவில்லை, என்னிடமே வேலைக்கு வந்தான். வளர்ந்த நாளாக அவன்தான். "நீ இரு" என்பேன். "செரி நைனா" என்பான். ஊட்டியை அவன் போட்டோவில் பார்த்தான்.

இப்போது சொல்லப்போவது திருச்செந்தூர்ப் பயணம்.

மகள் வயிற்றுப் பேரனுக்கு மூன்று வயது. மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். எங்களில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. என் மகன்தான் தாய்மாமன். அவனுக்கு ஊரில் வேறு என்ன மரியாதை இருந்தது? கல்யாணம் ஆகவில்லை, சொந்தத் தொழில் இல்லை. இந்த ஒரு காரியத்துக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. ஒரு மாதமாக அதே பேச்சு. சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பேரனுக்குப் பட்டுச் சட்டை எடுத்தான். கம்மல் எடுத்தான். தனக்கும் ஒரு சரிகை வேட்டி எடுத்து, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதே நேரத்தில் என் வீட்டு மாடிக்குத் தளம் போட வேண்டியிருந்தது. அவனுக்காகத்தான் அந்த மாடி. நாளைக்குக் கல்யாணம் என்றால் ஒரு அறை வேண்டுமே. நல்ல நாள் பார்த்து வைத்திருந்தேன். கலவை மெஷின்காரன் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து, பயணம் கிளம்புகிறதற்கு முந்தின நாள்தான் வந்தான். போட்டுவிட்டேன். கத்திரி வெயில். தளம் போட்டால் மறுநாளே மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், காயவே விடக்கூடாது. ஒரு வேளை தவறினால் வெடிப்பு ஓடிவிடும். பிறகு ஆயுசுக்கும் ஒழுகும்.

விடியற்காலை. எல்லோரும் வேனில் ஏறியாகிவிட்டது. மகன் பையை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தான்.

"நீ எங்க வர்ற?" என்றேன்.

சிரித்தான். "இன்னா நைனா, நாந்தான மாமன்."

"மாமன்தான். யாரு இல்லன்னா? தளத்துக்கு யாரு தண்ணி வுடறது?"

உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "நைனா, காலங்காத்தால வெளாடாத. தம்பி இல்லாம இன்னா காதுகுத்து?"

"தளம் வெடிச்சா உன் மாமியார் ஊட்டுக்காரங்க வந்து ஒட்டுவாங்களா?"

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பெண்டாட்டிதான் விடவில்லை. "ஒரு சித்தாள வெச்சுட்டுப் போலாம்னு நேத்தே சொன்னனே. இன்னாய்யா மனுசன் நீ?"

"சித்தாளு நெயல்ல குந்திகினு வெத்தல போடுவா. ஊரான் ஊட்டுத் தளம்னா ஆள வெச்சுப் பாத்துக்கலாம். இது என் ஊடு."

மகன் மெதுவாகச் சொன்னான்: "இன்னிக்கு முழுக்க நா இருந்து தண்ணி வுடறேன் நைனா. சாயங்காலம் பஸ் ஏறுனா காலையில கோயிலாண்ட நிப்பேன். காது குத்துன கையோட திரும்பிடறேன்."

"நாளிக்கு எவன் வுடுவான்? உன் ஆயாவா? பைய எறக்கு."

இறக்கினான். பைக்குள் கையை விட்டுச் சின்ன டப்பாவை எடுத்து அக்காவிடம் நீட்டினான். கம்மல். நான் வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நிக்காத, எலுமிச்சம்பழத்த வை" என்றேன். குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாக வைத்தான். நசுக்கிக்கொண்டு கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தேன், தெருமுனை வரைக்கும் அப்படியே நின்றான்.

அந்தப் பயணம் மாதிரி ஊமைப் பயணம் நான் ஓட்டியதில்லை. திண்டிவனத்தில் நாஷ்டாவுக்கு நிறுத்தினால் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. விழுப்புரம் தாண்டிப் பேரன் வாந்தி எடுத்தான். கோவில்பட்டிக்கு முன்னால் டயர் வெடித்தது. அந்தக் கானல் வெயிலில் ஜாக்கி வைத்து நானே மாற்றினேன். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "படிச்ச கையில மசி ஒட்டிக்கும்ல" என்றேன். பேரன் மட்டும் ஊருக்கு ஊர் "மாமா எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். "மாமா தளத்துக்குக் காவல் கீறாரு" என்று என் பெண்டாட்டி ஒவ்வொரு முறையும் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரி.

நிறுத்திய இடத்திலெல்லாம் மகனுக்குப் போன் போட்டேன். "தண்ணி கீதா?" "கீது நைனா." "காட்டு." செல்போனில் காட்டுவான். பாத்தியில் தண்ணீர் வெயிலில் மின்னும். அதைப் பார்த்தால்தான் எனக்கு அடுத்த ஊருக்கு வண்டி எடுக்கக் கை வரும். திருச்செந்தூர்க் கடலைக் கண்டதும் எல்லோரும் ஓடிப்போய்க் காலை நனைத்தார்கள். இவ்வளவு தண்ணீர் இங்கே சும்மா கிடக்கிறதே, என் தளத்தில் காய்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. வீட்டைக் கட்டியவனுக்கு மட்டும்தான் அந்த இழுப்பு தெரியும். குடியிருக்கிறவனுக்குத் தெரியாது.

மொட்டை அடித்தாகிவிட்டது. தலையில் சந்தனம். காது குத்துகிற பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தாய்மாமன் யாருங்க? உக்காருங்க."

மகள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "எந்தம்பி மடி இல்லன்னா காதும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னொரு வருசம் பாத்துக்கலாம்."

"இன்னொரு வருசம் உங்கப்பன் வேன ஓட்டுவான்னு நெனப்பா?"

"பஸ்ல வரேன். தம்பிய கூட்டிகினு வரேன்."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். "குடு. அவன் யாரு? நான் பெத்தவன். அவனுக்கு மடி குடுத்ததே என் மடிதான்."

மகள் செல்போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். அவன் முகம் வந்தது, தலையில் துண்டு, பின்னால் என் தளம். "தம்பி, நீயே சொல்லு. நீ வேணாம்னு சொல்லு, நாங்க திரும்பிடறோம்" என்று அழுதாள். அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தானோ. நான் போனைப் பிடுங்கினேன். "வெயில் ஏறிடுச்சு. குந்திகினு பேசிகினு கீற? போய்த் தண்ணி வுடு" என்று சொல்லிக் கட் பண்ணினேன். குழந்தையை வாங்கி மடியில் வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தியது. மகன் எடுத்த கம்மலைத்தான் போட்டோம். அதை நான் தட்டிப் பறிக்கவில்லை.

அங்கிருந்து கன்னியாகுமரி பக்கம். எல்லோரும் பார்க்கவேண்டும் என்றுதான் புறப்படும்போதே பேச்சு. நான் வண்டியை வடக்கே திருப்பினேன். "கன்யாகுமரி எங்கியும் ஓடிடாது" என்றேன்.

வீட்டில் வந்து இறங்கியதும் செருப்பைக்கூட விடாமல் மாடிக்குப் போனேன். ஒவ்வொரு பாத்தியிலும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. கரையில் குனிந்து தேடிப் பார்த்தேன், மயிரிழை வெடிப்பு இல்லை. மகன் மோட்டார் ஓஸ்பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தோள் தோல் உரிந்திருந்தது. "பரவால்ல, வேலக்காரன் ஆயிட்ட" என்றேன். என் வாயில் அதுக்கு மேல் பாராட்டு வந்ததில்லை. அவன் கீழே இறங்கிப் பேரனைத் தூக்கி, காதைத் தொடாமல் பார்த்தான்.

"வலிச்சுதாடா?"

"தாத்தா கைய கெட்டியா புடிச்சுகினாரு" என்றது குழந்தை.

அதற்குப் பிறகும் மகன் தினமும் தண்ணீர் விட்டான். பலகை பிரிக்கிற நாள் வரைக்கும் கூட நின்று, பிரித்து, தகடுகளைக் கழுவி அடுக்கினான். பிறகு அதே பையோடு என் முன்னால் வந்து நின்றான். "நைனா, தளம் நின்னுடுச்சு. நா கெளம்பறேன்."

"எங்க போவ? உன்ன எவன் வேலைக்கு வெப்பான்?"

"பாத்துக்கறேன்" என்றான். "செரி நைனா" என்று சொல்லாத முதல் நாள் அது.

ஆவடியில் வாடகைக்கு இருக்கிறான். ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறான். கல்யாணமும் அங்கேயே ஆனது. என்னைக் கூப்பிட்டார்கள், வந்தவர்களோடு வந்தவனாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். லீவு விட்டால் அக்கா, மாப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகிற பேரன், என் பெண்டாட்டி எல்லோரும் அதில்தான். கன்னியாகுமரியும் பார்த்துவிட்டார்கள். போன முறை ஏற்காட்டுக்குக் கிளம்பியபோது என் பெண்டாட்டியை ஏற்றிக்கொள்ள என் வாசலில் கார் நின்றது. நானும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். மகள் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"எல்லாம் போய்ட்டா ஊட்ட யாரு பாத்துக்கறது? நீ இரு நைனா."

உள்ளே யாரோ சிரித்தார்கள். என் பெண்டாட்டிதான் என்று நினைக்கிறேன். மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் எடுத்துவரத் திரும்பினேன். வருவதற்குள் கார் போய்விட்டது.

இருக்கட்டும். எனக்கும் வீட்டை விட்டு இரண்டு நாள் இருக்க முடியாது. விளக்கு ஏற்றுகிறேன், மோட்டார் போடுகிறேன். எத்தனையோ புயல் மழை வந்தது, சுற்றிலும் எல்லார் வீட்டிலும் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். என் மாடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அந்த அறையில் யாரும் படுத்ததும் இல்லை.

நசரத்பேட்டையில் மகள் வீட்டுக் கூடத்தில் காதுகுத்துப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. பேரன் வாயைப் பிளந்து அழுகிறான், காதில் கம்மல், அவனைப் பிடித்திருக்கும் இரண்டு கை, ஒரு மடி. அவ்வளவுதான். கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டார்கள். வருகிறவர்களிடம் பேரன் விரலை நீட்டிச் சொல்கிறான்: "நானு, எங்க மாமா மடியில." நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்கிறான். மகள் திருத்தவில்லை. மகனும் ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுக் குழந்தையின் தலையைத் தடவினான், மறுக்கவில்லை.

வெட்டினவர்கள் காலை வெட்ட மறந்துவிட்டார்கள். படத்தின் கீழ்ப்பக்கம் வலது காலைப் பாருங்கள். கட்டைவிரலில் நகம் இல்லை. இந்தக் குடும்பத்தில் நகம் இல்லாத விரல் ஒன்றுதான் இருக்கிறது, யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். என்னை வண்டியில் ஏற்ற வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். முழுப் படத்தையும் மாட்டுங்கள், தலையோடு. பேரனுக்கு உண்மையைச் சொல்லிக் கொடுங்கள். கம்மல் மாமன் எடுத்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. மடி என்னுடையது.