கணவரைச் சந்தேகிக்க வைத்த இரத்தச் சோதனை

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். நோயின் பெயரைச் சொல்லவே கூச்சம். இந்தக் கதைக்குரிய அம்மா கண் மூடுமுன், "பேர் ஊர் போடாமல் எழுது பிள்ளை" என்று சொல்லியிருந்ததால், முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், நான் ஒரு கிளினிக்கில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பெரிய படிப்பில்லை, பிரெஞ்சு இங்கே தையல் ஃபக்டரியில் பழகியது. டொக்டர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதைப் பிரெஞ்சிலும் சொல்ல வேண்டும். சொந்தக் கதை சேர்க்கக் கூடாது.

அந்த அம்மாவை ஊரிலிருந்து இங்கே கூப்பிட மகன் ஸ்பொன்சர் செய்திருந்தார். குடிவரவுக்கான இரத்தச் சோதனையில் சிபிலிஸ் பொசிட்டிவ். உடலுறவால் தொற்றும் நோய் என்று அறிந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகனை வெளியே இருத்திவிட்டுக் கேட்டார்.

"என்ரை மனுசனைத் தவிர எனக்கு ஆரையும் தெரியாது. அப்ப அவர்தானே கொண்டு வந்தது? செத்த மனுசனோடை எப்பிடிப் பிள்ளை சண்டை பிடிக்கிறது?"

அதை அப்படியே சொன்னேன். டொக்டர் சிரிக்கவில்லை. "சின்ன வயதில் கை காலில் ஆறாத புண் வந்ததா?" என்று கேட்டார்.

அம்மா சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் கணைக்காலில் ஒரு தழும்பைக் காட்டினார். "பறங்கிப்புண். எங்கடை பக்கத்துப் பிள்ளையளுக்கெல்லாம் வந்தது. ஊசி போட்டுத்தான் மாறினது."

அது தோலோடு தோல் பட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றும் புண். அந்தக் கிருமியும் சிபிலிஸ் கிருமியும் கூடப்பிறந்தவை மாதிரி என்றார் டொக்டர். பொசிட்டிவ் வந்த சோதனை, உடம்பு எப்போதாவது இந்தக் கிருமிகளைச் சந்தித்ததா என்றுதான் காட்டும். நோய் மாறினாலும் பெரும்பாலும் ஆயுளுக்கும் பொசிட்டிவாகவே இருக்கும். கிருமி இப்போது வேலை செய்கிறதா என்று பார்க்கும் மற்றச் சோதனை அவருக்கு நெகட்டிவ்.

"அப்ப அவரிலை பிழையில்லையோ? கேட்டுச் சொல்லு."

"இரத்தத்தைப் பார்த்து எந்தக் கிருமி என்று பிரிக்க முடியாது. சின்ன வயதுப் புண்ணாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். எதற்கும் பெனிசிலின் போடுவோம்" என்றார் டொக்டர்.

"பிழையில்லை" என்று மட்டும் சொல்லிவிட என் நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன்.

அம்மா தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இரத்தத்துக்குத் தெரியாட்டிப் போகட்டும். அவரோடை சீவிச்சவள் நான். ஊசியைப் போடச் சொல்லு."

எப்போதோ வந்த கிருமியை அந்த வயதுவரை ஓர் உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. படைத்தவனை என்னவென்று சொல்வது.

ரிசல்ட் வந்தவுடன் வீட்டில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லாதீர்கள். எந்தச் சோதனை எதைக் காட்டுகிறது என்று டொக்டரிடம் கேளுங்கள். மருந்து தந்தால் தவறாமல் எடுங்கள். இதை இன்னொருவருக்குச் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். முடிவு நன்றாக இருக்க வேண்டுமென்பதற்காக, பிரிக்க முடியாது என்று டொக்டர் சொன்ன இடத்தை விட்டுவிடாதீர்கள்.