ருசி பார்ப்பது சாப்பாடா?

“எந்தக் கிண்ணம்?” என்று பெரியக்கா போனைப் பார்த்துக் கேட்கிறார். திரையில் ‘பருப்பு, ஒரு கிண்ணம்’ என்று இருக்கிறது. தொட்டால் அதற்கு எத்தனை கலோரி என்று வரும். “யார் வீட்டுக் கிண்ணம்? ஒரு கிண்ணத்துல கைக்குழந்தைக்கு ஊட்டலாம், இன்னொண்ணுல மாட்டுக்குத் தண்ணி காட்டலாம். அளவு தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா சமையலப் பத்திப் பேசுறீங்க?” ஏப்ரனில் விரலைத் துடைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வேண்டா வெறுப்பாக அந்தக் கிண்ணத்தையே தொட்டு வைக்கிறார்.

நானூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேன்டீனில் இருபத்தாறு வருடமாகத் தலைமைச் சமையல் அவருடையது. மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் பெரியக்கா. நாள் முழுக்க நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு டாக்டர் தயார்தான். ஆனால் எடை எட்டு கிலோ இறங்கினால்தான் கத்தியைத் தொடுவாராம். மூன்று மாதத்துக்குள் இறங்காவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், மறுபடி முறை வர ஒன்றரை வருடம். அதுவரை அந்தக் கால் தாங்காது. நிற்க முடியாத சமையல்காரிக்கு இந்தக் கேன்டீனில் ஒரே இடம்தான், மூலையில் காய் நறுக்கும் மேஜை. “இன்னொருத்தி கிளறுற அண்டாவுக்கு நான் வெங்காயம் உரிச்சுக் குடுக்கணுமா? அதுக்கு வீட்லயே கிடந்துட்டுப் போறேன்” என்பார்.

கலோரிக் கணக்குப் போடும் அந்தச் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தது மகள். முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. சோற்றுக்கு என்னென்ன, எவ்வளவு என்று அது கேட்டது. பெரியக்காவின் கைக்குத் தெரிந்தது நானூறு பேர் சமையல். யோசிக்காமல் அரிசி நாற்பது கிலோ என்று போட்டார். எத்தனை பேருக்கு என்ற கட்டம் வந்தபோது, “இவனா வந்து பந்தி பரிமாறப் போறான்?” என்று தாண்டிப் போய்விட்டார். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கலோரி. ‘இன்றைய இலக்கைத் தாண்டிவிட்டீர்கள். மாலையில் சிறிது தூரம் நடந்து வரலாமே!’ என்றது செயலி. சமையலறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. “முழங்கால் போனவளப் பாத்து நடந்துட்டு வான்னு சொல்லுது. எவ்வளவு திமிரு இருக்கணும்!”

அதன் பிறகு ஒரு தப்பு நடக்கவில்லை. காலையில் இரண்டு துண்டு ரொட்டி, மதியம் பச்சைக் காய்கறி, சாயங்காலம் சர்க்கரை இல்லாத டீ, ராத்திரி ஒரு கிண்ணம் கீரை. பாதி பிஸ்கட் தின்றாலும் பாதி பிஸ்கட் என்று எழுதினார். ஏழு வாரமும் தொள்ளாயிரம் கலோரியைத் தாண்டவில்லை. தினமும் சாயங்காலம் திரையில் பூங்கொத்து பறந்து ‘சபாஷ்!’ என்று வந்தது. எடை மட்டும் ஒரு கிலோகூட இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“தொள்ளாயிரம்னா இந்நேரம் நாலு கிலோவாவது குறைஞ்சிருக்கணுமேம்மா.”

“குறையலையே. அதைக் கேக்கத்தானே வந்தேன்.”

“சில பேரு எழுத மறந்துடுவாங்க” என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் ஆறவில்லை. பொய் சொல்கிறாய் என்று நேரே சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பார். ஒரு நாள் குழம்பு அடிபிடித்தபோது, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் வெளியே வந்து, வரிசையில் தட்டேந்தி நின்ற நானூறு பேரிடமும் “இன்னைக்குத் தீஞ்சு போச்சு, என் தப்பு” என்று சொன்னவர் அவர். அப்படிப்பட்டவரை ஒரு போனையும் ஒரு சிரிப்பையும் வைத்துப் பொய்க்காரி ஆக்கி அனுப்பினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

திரும்பும் வழியில் பஸ்ஸில், கூட வந்த மகள் மெதுவாகக் கேட்டாள். “ஏம்மா, அடுப்படியில ருசி பாக்குறியே, அதைப் போட்டியா?”

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வந்தது பதில். “அது சாப்பாடாடி? அது வேலை! தையக்காரி துணிய மேல வச்சுப் பாக்குறா, உடனே புதுத் துணி உடுத்திட்டான்னு சொல்லுவியா? ஒரு சொட்டு, நாக்குல படுறதோட சரி. அந்தப் பொண்ணுக்கும் காட்டுறேன், உனக்கும் காட்டுறேன்.”

பெரியக்கா ருசி பார்க்கும் முறை ஊர் அறிந்தது. கரண்டியை அண்டாவில் விட்டு அள்ளி, இடது உள்ளங்கைக் குழியில் சாய்த்து, சர்ரென்று உறிஞ்சுவார். கண்ணை மூடி ஒரு நொடி. பிறகு உப்புக்கோ மிளகுக்கோ கை போகும். போட்டுக் கிளறி, மறுபடி உள்ளங்கை.

மறுநாள் காலை, அரை லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் எவ்வளவு ஊற்றுகிறாரோ, அதே அளவு டப்பாவிலும். “சாயங்காலம் அப்படியே கொண்டு போய் அந்தப் பொண்ணு மேஜையில வைக்கிறேன். அடி நனைஞ்சிருக்கும், அவ்வளவுதான். அப்ப சிரிக்கட்டும்” என்று இரண்டாவது சமையல்காரரிடம் சவால் விட்டார்.

காலைக் கஞ்சி முடிந்தபோது அடி மறைந்திருந்தது. பருப்பு, இரண்டு கறி, பாலில் கிளறிய இனிப்பு. நெய்யும் எண்ணெயும் மேலே மஞ்சளாக மிதக்க, டப்பாவில் மட்டம் ஏறிக்கொண்டே போனது. பெரியக்காவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒன்பது மணிக்குப் பாதி. பத்தரைக்கு விளிம்பு. மதியச் சமையலில் கோழிக் குழம்பு இன்னும் கொதிக்கவில்லை, சூப்பில் உப்பே விழவில்லை.

இரண்டாவது சமையல்காரர் எட்டிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “நிறைஞ்சிருச்சேக்கா. கொட்டிட்டுப் போங்க, யாரு பாக்கப் போறா?” என்றார்.

பெரியக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். டப்பாவை அழுத்தி மூடி ஓரமாகத் தள்ளினார். பிறகு வலிக்கிற முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து அதே அளவில் இன்னொரு டப்பாவை எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார்.